பந்தி வஞ்சனை

"ஞாயிற்றுக்கிழமையா? அன்றைக்குத் தேக்காப் பக்கம் போய்ச் சாப்பிட முடியுமா? கூட்டம் தாங்காது!" என்னும் பேச்சு சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றது. கேட்பார் செவிக்கு இதில் குற்றமொன்றும் தோன்றாது. ஆனால், இவ்வாறு பேசுகின்ற குடும்பத்தார்தாம் தீபாவளிக்கு முந்திய இரவுகளில் அதே சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் இடிபட நின்று சேலையும் பலகாரமும் வாங்குகின்றனர். தள்ளுபடி விற்பனை என்றால் பேரங்காடி வாயிலில் மணிக்கணக்காக வரிசை பிடிக்கின்றனர். அங்கெல்லாம் தாங்குகின்ற கூட்டம் ஞாயிறு மாலையில் மட்டும் தாங்காமற் போவதேன்? கூட்டம் எவ்வளவு என்பதைப் பற்றிய பேச்சன்று இது. கூட்டத்தில் இருப்பவர் யார் என்பதைப் பற்றிய பேச்சு.

யார் அவர்? ஆறு நாளும் கட்டடம் எழுப்பியும், கப்பல் பட்டறையில் இரும்பு பற்றவைத்தும், சாலைக்கடியில் குழாய் பதித்தும் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் குளித்து, வெளுத்த சட்டை அணிந்து, தன் நாட்டுச் சோற்றைத் தன் நாட்டு மொழியில் கேட்டு வாங்கி உண்ண வருகின்ற தமிழ்நாட்டுத் தொழிலாளியும் வங்கதேசத்துத் தொழிலாளியுமே அவர். அவரோடு ஒரே மேசையில் எதிரெதிராக அமர்ந்து உண்ண நமக்கு மனமில்லை. அம்மனமின்மைக்குக் "கூட்டம்" என்று பெயரிட்டிருக்கிறோம். நம் முன்னோர் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தனர். பந்தி வஞ்சனை என்பது அப்பெயர்.

ஒரே பந்தியில் இருப்பவருள் ஒருவருக்கு நெய்யும் மற்றவருக்கு நீர்மோரும் ஊற்றுவது பந்தி வஞ்சனை. ஒருவரை உள்ளேயும் ஒருவரைத் திண்ணையிலும் இருத்துவதும் அதுவே. சாதியை ஒழிக்க வேண்டுமென்று மேடையில் முழங்கும் நாம், உணவகத்தின் நான்கு சுவருக்குள் இவ்வஞ்சனையைப் புதிய வடிவில் வளர்த்து வருகின்றோம் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டோர் வேறெவருமல்லர். இலைக்கு முன் அமர்ந்து உண்ணும் நாமே.

பழைய பந்தி

உணவகத்தில் காசு கொடுத்து உண்பது இன்று நமக்கு இயல்பான செயல். தமிழர்க்குள் எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் உரிமை எவ்வாறு வந்ததென்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

சோற்றை விலைக்கு விற்பதே பாவம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. வழிப்போக்கர்க்குச் சத்திரம் இருந்தது; அச்சத்திரத்திலும் சாதி பார்த்தே பந்தி அமைந்தது. பின்னர்ப் பட்டணங்களில் காப்பிக் கிளப்புகள் தோன்றியபோது, "பிராமணாள்" என்னும் பலகை அவற்றின் நெற்றியில் ஏறியது. அதில் பக்தியைவிட வியாபாரக் கணக்கே மிகுதி. பிராமணர் சமைத்ததை எல்லாச் சாதியாரும் உண்பர். மற்றவர் சமைத்ததை, உயர்ந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டோர் தொடார். ஆகவே பிராமணச் சமையல் என்று பலகை தொங்கினால் வாடிக்கை பெருகும். ஆனால் உள்ளே நுழைந்ததும் பிராமணர்க்கு ஓர் அறை, "இதராள்" எனப்பட்ட ஏனையோர்க்கு ஓர் அறை. ஆதிதிராவிடர்க்கோ பல இடங்களில் வாயிற்படியே இல்லை. புகைவண்டி நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இப்பேதம் இருந்தது. ஒரே வண்டியில், ஒரே கட்டணம் செலுத்தி, ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்து வந்தவர்கள், இட்டலி தின்பதற்கு மட்டும் இரு கூறாகப் பிரிந்தனர். பெரியாரும் அவர்தம் தோழர்களும் இடைவிடாது கிளர்ச்சி செய்ததன் விளைவாக 1941-ஆம் ஆண்டில் அப்பேதம் ஒழிந்தது.

அதற்கும் முன்னர், நாட்டு விடுதலைக்குத் தொண்டர்களை ஆக்கும் நோக்கத்துடன் எழுந்த சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவிட்ட செய்தி 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டையே கலக்கியது. தமிழ்நாட்டு அரசியலின் போக்கை மாற்றியவற்றுள் ஒன்று சிறுவர் சிலர் உண்ட இடம் பற்றிய அவ்வழக்கு. 1957-ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் "பிராமணாள்" பலகையை அகற்றக் கோரி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நாள்தோறும் தொண்டர்கள் சிறை புகுந்தனர். ஒரு பலகையின் மேல் எழுதிய ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று அன்றும் கேட்டவர் உண்டு. அச்சொல் எழுதப்பட்டிருந்த இடம் பலகை. அது குத்திய இடம் மனிதர் நெஞ்சு.

ஒருங்கே உண்பதன் வலிமையைச் சான்றோர் நன்கு அறிந்திருந்தனர். 1867-இல் வடலூரில் வள்ளலார் நிறுவிய தருமச்சாலையின் அடுப்பு சாதி கேளாது சோறிட்டது. 1917-இல் கேரளத்துச் செறாயி ஊரில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். அதற்காகத் தம் சாதியாரின் வசையையும் புறக்கணிப்பையும் ஏற்றார். கோவிற் கதவு திறப்பதற்கு முன்னரே உணவின் கதவைத் திறக்க முயன்றவர் இவர்கள்.

மலாயாவுக்கும் இப்பேதம் கப்பலேறியே வந்தது. தோட்டங்கள் சிலவற்றில் லயமும் சாதி பார்த்துப் பிரிந்தது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் இந்நாட்டுக்கு வந்து ஊர் ஊராகப் பேசியபோது, அவர் பேச்சைக் கேட்டோரிடையே சமபந்தி விருந்தைப் பற்றிய ஆர்வமும் வளர்ந்தது. எனினும், நூறு சொற்பொழிவுகள் மெல்ல மெல்லச் செய்த வேலையை உணவகத்து மேசை ஓசையின்றிச் செய்தது. சிங்கப்பூரில் 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும், 1947-இல் தொடங்கிய கோமள விலாசும், அவை போன்று பினாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் எழுந்த சிறிதும் பெரிதுமான சாப்பாட்டுக் கடைகளும் நமக்கு வயிறு நிறையச் சோறு மட்டும் போடவில்லை. எனக்கு முன் இந்நாற்காலியில் இருந்தவர் யார், இக்குவளையில் குடித்தவர் யார் என்று எவரும் கேட்க இயலாத ஓர் இடத்தையும் அவை தந்தன. கிராணியும் பால்வெட்டுத் தொழிலாளியும் அருகருகே இலை போட்டு அமர்ந்தனர். கல்லாவில் காசு வைத்தவர் எல்லாரும் ஒரு குலம். இதுவே தென்னிந்திய உணவகம் நமக்கு அளித்த பெருங்கொடை.

அக்கொடையை நாம் இன்று என்ன செய்து வைத்திருக்கிறோம்?

"ஊர்க்காரன்"

தமிழில் "ஊர்க்காரர்" என்பது உறவுச் சொல். அயலூர்ச் சந்தையில் தன் ஊர்க்காரரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிப்பது நம் வழக்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இச்சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்! "அவன் ஊர்க்காரன்" என்றால், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன், நாகரிகம் அறியாதவன், நம்மினும் தாழ்ந்தவன் என்று பொருளாகிவிட்டது. உறவைக் குறிக்கும் சொல்லை வசவாக்கிய பெருமை நம்முடையது.

இவ்வாறு பேசுவோர் தம் பாட்டனார் யார் என்பதை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும். அவர் விமானத்தில் வந்திறங்கிய வணிகரா? பெரும்பாலோர்க்கு விடை வேறு. கங்காணியின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, மேல்தட்டில் மழையும் வெயிலும் பட்டு வந்தவர் அவர். உதவிக் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் நிறுத்தும் வரையில் அவ்வழியே வந்தவர் இலட்சக்கணக்கினர். 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை கடலில் ஓடிய ரஜூலா என்னும் கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் முதியோர் கண்கள் கலங்கும். இங்கே வந்திறங்கிய நம் பாட்டனார்க்கும் சிறிய அறை, நீண்ட வேலை, குறைந்த கூலி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், முதலாளியின் கையில் தன் விதி. நூறாண்டு கழிந்து அதே மாவட்டங்களிலிருந்து அதே காரணங்களுக்காக வந்திருப்பவர்தாம் இன்றைய தொழிலாளி. முகவர்க்குக் கட்டிய கடனை அடைக்கவே அவருக்கு நெடுங்காலம் ஆகின்றது. இடைப்பட்ட கப்பல்கள் விமானங்களாயின; லயங்கள் தங்கும் விடுதிகளாயின. வேறென்ன மாற்றம்?

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவருள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு அந்நோய் தொற்றியது. நாடு மீண்டும் திறந்து, நாமெல்லாம் விரும்பிய கடையில் விரும்பியதைத் தின்னத் தொடங்கிய பின்னரும் அவருக்குக் கட்டுப்பாடு இருந்தது. 2022 ஜூன் மாதத்தில் பொதுவான தடை நீங்கியபோதும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் தேக்கா போன்ற நான்கு இடங்களுக்குச் செல்ல அவர் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. நோயச்சத்தையும் நெரிசலையும் அதற்குக் காரணங்களாகக் கூறினர். காரணம் எதுவாயினும் ஆகுக. தன் தட்டில் ஓர் இலைச்சோறு விழுவதற்கு ஒரு தமிழர் அனுமதிச்சீட்டுக் கேட்டு நின்ற காலத்தில், அதே இலைச்சோற்றை நினைத்த வேளையில் உண்ட தமிழராகிய நம்முள் எத்தனைபேர் அதைப் பற்றி ஒரு சொல் உரைத்தோம்?

"2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் நடந்ததை மறந்தீரோ?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். மறக்கவில்லை. ஒரு தொழிலாளி பேருந்தின் அடியில் சிக்கி மாண்ட அவ்விரவில் கலகம் விளைந்தது. குற்றம் செய்தவரைச் சட்டம் தண்டித்தது. ஆனால், ஓர் இரவில் சில நூறு பேர் செய்ததற்காக, இலட்சக்கணக்கானோரை ஆயுள் முழுதும் ஐயத்தோடு நோக்குவது எந்த ஊர் நியாயம்? தோட்டத்துத் தமிழன் குடிகாரன், கலகக்காரன் என்று வெள்ளைத் துரை எழுதி வைத்தபோது நம் முன்னோர் கொதித்தனரே! அத்துரையின் வாயிலிருந்த சொல்லை இன்று நாமே எடுத்துப் பேசுகின்றோம்.

சுவருக்கு அப்பால்

"இது சிங்கப்பூர்க் கதை, எங்கள் ஊரில் எல்லாரும் ஒன்றாகத்தான் வாழையிலையில் சாப்பிடுகிறோம்" என்று மலேசிய அன்பர்கள் மகிழ வேண்டா. பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும், நாட்டின் ஏனைய பட்டணங்களிலும் உள்ள உணவகங்களில் பந்தி, கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள சுவரில் பிரிகின்றது. சுவருக்கு இப்புறம் நாம் எல்லாரும் சமம். அப்புறம் இருப்பவரை நாம் காண்பதில்லை, காண விரும்புவதுமில்லை.

காலை ஏழு மணிக்கு நம் தட்டில் இட்டலி விழவேண்டுமாயின் அதன் வேலை முதல்நாள் பகலிலேயே தொடங்கிவிடுகின்றது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்தாகத் தனித்தனியே ஊறவேண்டும், தனித்தனியே அரைபடவேண்டும், உப்பிட்டுக் கலந்து இரவெல்லாம் புளிக்கவேண்டும். இந்நாட்டு வெக்கையில் சற்று அயர்ந்தால் மாவு பொங்கிப் புளித்துக் கெடும். மழைநாளில் அவசரப்பட்டால் இட்டலி கல்லாகும். அளவுப் புத்தகம் இதற்கு உதவாது. மாவைத் தொட்டறிந்த கைதான் உதவும். விடியுமுன் எழுந்து சாம்பாருக்குப் பருப்பு வேகவைப்பவர் ஒருவர், தேங்காய் துருவுபவர் ஒருவர். தோசை மாஸ்டர் என்று நாம் அழைப்பவர், நெருப்பாய்க் கொதிக்கும் கல்லின் முன் நின்று, நீர் தெளித்து, துடைத்து, மாவூற்றி, வட்டமிழுத்து, எண்ணெய் விட்டு, எடுத்து மடித்து, மறுபடியும் நீர் தெளிக்கின்றார். நூறு தோசைக்கு இவ்வேலையை நூறு முறை செய்ய வேண்டும். நமக்கு அது "இன்னும் வரவில்லையா?" என்று கேட்கும் ஐந்து நிமிடம், அவருக்கு அது ஒரு நாள், ஒரு வாழ்நாள்.

பாத்திரம் கழுவுமிடத்தில் நிற்பவரைப் பாருங்கள். சவர்க்கார நீரில் ஊறி ஊறி விரலிடுக்குகள் வெளுத்து வெடித்த கைகள் அவருடையவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபோது, லயத்தை விட்டுப் பட்டணம் வந்த நம் தாய்மார் பலர்க்குக் கிடைத்த வேலையும் இதுவே. இன்றும் பல உணவகங்களின் பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும் இருப்பவர் அவர்களே. "ஊர்க்காரனைப்" பற்றி எமக்கென்ன என்பவர், தம் தாயைப் பற்றியேனும் எண்ணட்டும்.

இவர்கள் எப்பொழுது உண்கின்றனர்? நாமெல்லாம் உண்டு ஏப்பமிட்டுப் போனபின், மாலை மூன்றுக்கோ நான்குக்கோ, அடுக்களை மூலையில் கவிழ்த்த வாளியின் மேல் அமர்ந்து, எஞ்சிய சோற்றை உண்பவர் எத்தனையோ பேர். தம் கையால் ஆயிரம் இலைக்குப் பரிமாறியவர்க்கு ஓர் இலையில்லை. இதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயரிடாமல் வேறென்ன பெயரிடுவது?

இருபது காசு

தோசையின் விலையில் இருபது காசு கூடிவிட்டால் நம்மவர் எழுப்பும் கூக்குரல் வானைப் பிளக்கின்றது. "வெறும் மாவுக்கா இந்த விலை?" என்பது அவர்களது கேள்வி. அதே வாயால், குளிரூட்டிய அயல்நாட்டுக் காப்பிக் கடையில் ஒரு குவளைக்குப் பத்து வெள்ளிக்கு மேல் கொடுத்துவிட்டு, அக்குவளையைக் கையில் ஏந்திப் படமும் எடுத்துக்கொள்கின்றனர். அங்கே "வெறும் கொட்டைத் தூளுக்கா இந்த விலை?" என்று கேட்பாரில்லை. ஏன்? அந்நியன் கையால் ஆனது கலை. தமிழன் கையால் ஆனது வேலைக்காரன் வேலை என்பது நம் நெஞ்சின் ஆழத்தில் கிடக்கும் எண்ணம். உழைக்கும் கை தாழ்ந்த கை என்று மனு சொன்னதை மேடையில் எரிக்கிறோம். கல்லாவின் முன் நின்று அதையே ஓதுகிறோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மலேசியச் சட்டம் 2025 பிப்ரவரி முதல் குறைந்த சம்பளத்தை மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தியது. அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை என்று 2023 ஜனவரி முதல் விதி இருக்கின்றது. நாளைக்குப் பன்னிரண்டு மணியாக ஆறு நாள் நிற்பவர் வாரத்தில் 72 மணி உழைக்கின்றார். விதிக்கு மேல் 27 மணி. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது சட்டம். குறைந்த சம்பளக் கணக்கிலேயே ஒரு மணிக்கு 12 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். ஆக, வாரந்தோறும் ஏறக்குறைய 330 வெள்ளி அவர்க்கு மேற்கொண்டு சேரவேண்டும். மாதத்துக்கு 104 மணிக்கு மேல் மிகைநேரம் வாங்குவதே விதிமீறல் என்பது வேறு. இப்பணம் அவர் கையில் சேராத இடங்களில் அது எங்கே போகின்றது? முதலாளியின் பெட்டிக்கு ஒரு பங்கு போகின்றது, அதை மறுக்கவில்லை. மற்றொரு பங்கு, மலிவான தோசையாக நம் வயிற்றுக்குள் போகின்றது. திருட்டில் பங்குகொண்டவர் திருடியவரை மட்டும் ஏசிவிட்டுக் கை கழுவ முடியாது.

நேர்மையான உணவக முதலாளிகளும் நம்மிடையே உண்டு. சட்டப்படி சம்பளம் தந்து, வார ஓய்வு தந்து, அதற்கேற்ப விலை வைக்கின்றனர். அவர்களைத் தண்டிப்பவர் யார்? பக்கத்துக் கடையில் இருபது காசு குறைவென்று இலை தாவும் நாமே. வஞ்சிக்கும் முதலாளிக்கு நம் வாடிக்கையே பரிசு. நேர்மையாளர்க்கு வெறும் நாற்காலிகளே பரிசு. பிறகு, "நம்மவர் கடைகள் நிலைக்கவில்லையே" என்று கட்டுரையும் எழுதுகிறோம்.

"விலை ஏறினால் ஏழை எங்கே உண்பான்?" என்பது அடுத்த தடை. நல்ல கேள்வி, கேட்பவர் ஏழையாயின் இன்னும் நல்ல கேள்வி. பெரும்பாலும் இதைக் கேட்பவர் காரை நிழலில் நிறுத்த இடம் தேடிவிட்டு வந்தவராகவே இருக்கக் காண்கின்றோம். ஏழைக்கு மலிவான சோறு வேண்டும் என்பது மெய்யே. அச்செலவைச் சங்கங்களும் செல்வர்களும் அரசும் ஏற்கட்டும். கோவில்களின் அன்னதானமும் ஏற்கட்டும். அடுப்படியில் நிற்கும் மற்றோர் ஏழையின் தலையில் அதைச் சுமத்துவது தருமமாகாது.

இவ்வலட்சியத்தின் விளைவு கண்முன் நிற்கின்றது. சமையற் கலைஞரின் மகன் அடுப்பங்கரைக்கு வருவதில்லை. தகப்பனுக்கு நாம் செய்த மரியாதையை அவன் பார்த்து வளர்ந்தவன். சிங்கப்பூரில் இந்திய உணவகங்களுக்குச் சமையற்காரர் கிடைக்காமையால், இந்தியாவிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் அவர்களைத் தருவிக்க 2023 செப்டம்பர் முதல் அரசு இடமளித்தது. அவர்க்கு மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையலாகாது என்றும் விதித்தது. அவர் கைக்கு ஒரு விலை உண்டென்பதைச் சட்டம் அறிந்துகொண்டது. உண்பவர் அறிய வேண்டாவா? தமிழ்ப் பண்பாடு, தமிழ்ப் பண்பாடு என்று கூறுகின்றோமே, அது நூலிலும் பாட்டிலும் மட்டுமா இருக்கின்றது? மாவின் பதம் அறிந்த அக்கையிலும் இருக்கின்றது. அக்கை ஓய்ந்தால், பொட்டலத்து மாவைத் தண்ணீரில் கரைத்துத் தின்னும் நாள் வரும். அன்று பழம்பெருமை பேசிப் பயனில்லை.

செய்யத்தக்கவை

குறை கூறி முடிப்பது சீர்திருத்தக்காரர்க்கு அழகன்று. பெருஞ்செலவும் பெருந்தியாகமும் வேண்டாத காரியங்கள் சில உள்ளன.

உணவகத்தில் பரிமாறுபவரை "டேய்" என்றும் "ஏய்" என்றும் விரலைச் சொடுக்கியும் அழைப்பதை இன்றோடு நிறுத்துவோம். வயதில் மூத்தவரை "அண்ணே" என்றும், இளையவரைத் "தம்பி, வாங்க" என்றும் அழைக்க நாவுக்கு வலிக்காது. தமிழ் பேசுகின்ற அவரிடம் தமிழிலேயே கேட்போம். ஆங்கிலத்தில் கட்டளையிட்டு அவர் விழிப்பதைக் கண்டு நகைப்பது கல்வியின் அடையாளமன்று.

இரண்டாவது, இலையில் கேட்டு வாங்கியதை உண்டு முடிப்போம். சோறும் குழம்பும் கணக்கில்லாமல் வருகின்றன என்பதற்காக மலைபோல் குவிக்கச் சொல்லிப் பாதியை மூடிவிட்டு எழுவது, சமைத்தவரையும் கழுவுபவரையும் ஒருசேர அவமதிப்பதாகும்.

மூன்றாவது, வாடிக்கையாகச் செல்லும் கடையின் முதலாளியிடம் பணிவாகவும் அஞ்சாமலும் கேட்போம்: உங்கள் ஆட்களுக்கு வார ஓய்வு உண்டா? மிகைநேரக் கூலி உண்டா? அவர்கள் கடவுச்சீட்டு அவர்கள் கையில் இருக்கின்றதா? பிறர் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்க்கு நினைவூட்டுவோம். மீனின் கண்ணைப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு, இதைக் கேட்டு உண்ணத் தெரியாதா? நல்ல விடை கிடைத்த கடையில் கேட்ட விலையை முகஞ்சுளிக்காமல் கொடுப்போம். நண்பர்களையும் அங்கே அழைத்துச் செல்வோம்.

நான்காவது, உணவக முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பகற்கூட்டம் தொடங்குமுன் ஒரு வேளை, முடிந்தபின் ஒரு வேளை, உங்கள் ஆட்களைக் கூடத்தில், மேசையில், இலை போட்டு உண்ணச் செய்யுங்கள். வாடிக்கைக்காரர் காணட்டும். வெட்கப்பட வேண்டிய காட்சி அதில் ஒன்றுமில்லை. தம் ஆட்களைத் தம் கூடத்தில் உண்ணவைக்கும் கடையின் சோற்றை நம்பி உண்ணலாம் என்று அறிவுடையோர் எண்ணுவர்.

இறுதியாக, நம் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் ஒன்று. ஆண்டு விழா என்றால் நட்சத்திர விடுதியில் நமக்கு நாமே விருந்திட்டு, நமக்கு நாமே பொன்னாடை போர்த்திக்கொள்கிறோம். ஓராண்டு அதை விடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவிலோ கிள்ளானிலோ ஓர் உணவகத்தை முழுநாளும் அமர்த்தி, தொழிலாளர் விடுதிகளில் இருப்போரை அழைத்துச் சமபந்தி நடத்துங்கள். தலைவரும் செயலாளரும் தனிமேசையில் இராமல், கட்டடத் தொழிலாளியின் இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் ஒருவருமாக அமருங்கள். அவர் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, கடன் எவ்வளவு மீதி என்று கேளுங்கள். அரைமணி நேரத்தில் "ஊர்க்காரன்" என்னும் சொல் பழைய பொருளுக்குத் திரும்பிவிடும்.

தமிழ் மக்களே! "பிராமணாள்" பலகையை இறக்குவதற்குச் சிறை சென்றவர்கள், நாம் ஒரு நாள் பலகையில்லாமலே அதே வேலையைச் செய்வோம் என்று கனவிலும் கருதியிரார். கண்ணுக்குத் தெரிந்த பலகையை இறக்க ஆணியைப் பிடுங்கினால் போதும். நெஞ்சில் தொங்கும் பலகையை அவரவரே இறக்க வேண்டும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவி மக்களோடு புறப்படுங்கள். இடம் காலியில்லை என்றால், ஒற்றை நாற்காலி ஒழிந்திருக்கும் மேசையைக் காட்டி, "இங்கே உட்காரலாமா, அண்ணே?" என்று கேளுங்கள். அவர் தம் தண்ணீர்க் குவளையை நகர்த்தி இடம் விடுவார்.